களிமண்ணுக்கு விட்ட இடம்

குருவியைத் தோல்காரர் சாப்பாட்டு டப்பாவில் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தார். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், டப்பாவை அவர் மடியில் பிடித்திருந்த பிடியைப் பார்த்துவிட்டு, ஏதோ சிந்தக்கூடிய சமாச்சாரம் என்று கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்துகொண்டார். உள்ளே ஈரத்துணியில் சுற்றிய ஒரு கதிர்க்குருவி இருந்தது. கட்டைவிரலை விடச் சற்று நீளம். எடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. டப்பாவின் மூடியே அதைவிடக் கனம்.

இறந்த விலங்குகளைப் பாடம் செய்வது அருங்காட்சியகத்தில் அவருடைய வேலை. தோலை உரித்துப் பதனிட்டு, அச்சின் மேல் போர்த்தி, இன்னும் ஒரு நொடியில் திரும்பிப் பார்க்கும் என்று தோன்றும்படி நிறுத்த வேண்டும். மனைவிக்கும் அதே கூடத்தில் அதே வேலைதான். ஆனால் அவர் கைக்குப் போனதெல்லாம் கரடி, கடமான், காட்டுப்பன்றி என்று பெரிய உருப்படிகள். பறவைகள் எல்லாம் அவளுக்கு. அப்படித்தான் அவருக்குத் தோல்காரர் என்றும் அவளுக்கு இறகம்மா என்றும் பேர் விழுந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர்கள் இப்போது சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் ஞாபகம்.

புதிய கூடத்தின் நடுவே ஒரு பெரிய கண்ணாடி அறை தயாராகிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு காட்டெருமையும் ஒரு கதிர்க்குருவியும் மட்டும். யோசனை இறகம்மாவுடையது. எருமையைச் சுற்றி என்னென்ன வைக்கலாம் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த கூட்டத்தில், காட்டுக்குள் போனால் முதலில் எந்தப் பிராணியைத் தெரிந்துகொள்வீர்கள் என்று அவள் கேட்டாள். எருமை பக்கத்துப் புதருக்குள் நின்றாலும் மூச்சு விடுவது தெரியாது. ஒரு கைப்பிடிக்குள் மறைந்துவிடும் குருவியின் குரல் ஓடை தாண்டிக் கேட்கும். கண்ணுக்கு ஒன்று பெரிது, காதுக்கு மற்றது பெரிது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால் போதும் என்றாள். ஆனால் குருவி சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. அலகைத் திறந்து, தொண்டை புடைத்து, மார்பு நிமிர்ந்து பாடிக்கொண்டிருக்க வேண்டும். அது அவள் போட்ட ஒரே நிபந்தனை.

எருமையை அவர் முடித்துவிட்டார். குருவிக்குத்தான் நேரம் கெட்டது. அருங்காட்சியகத்தின் மாடி ஜன்னலில் மோதி விழுந்ததைத் துப்புரவுக்கார அம்மா கைக்குட்டையில் ஏந்தி வந்து கொடுத்திருந்தாள். ஓர் இறகு கலையவில்லை. இறகம்மா அதை உறைபெட்டியில் வைத்து, எருமை முடியட்டும் என்று காத்திருந்தாள். எருமை முடிந்த வாரத்தில் அவள் வலது கண்ணில் விழித்திரை கிழிந்தது. அறுவை செய்து, கண்ணுக்குள் ஒரு காற்றுக்குமிழியை அடைத்து, குமிழி மேலே எழுந்து கிழிசலை அழுத்திப் பிடிக்க வேண்டும், அதனால் உட்கார்ந்தாலும் படுத்தாலும் தலை குனிந்தே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையும் என்று, முதல் சில நாட்களுக்கு இரண்டு கண்ணுக்கும் கட்டு.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி இரவு அருங்காட்சியகத்தில் மின்சாரம் போனது. யாரும் உறைபெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்தபோது குருவி இளகிவிட்டிருந்தது. இளகிய குருவியை மறுபடி உறைய வைத்தால் இறகு உதிரும். அன்றைக்கே உரித்தாக வேண்டும்.

அருங்காட்சியகத்தின் காப்பாளர் அம்மா நல்லவர். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் அடுத்த வாரம் கண்ணாடிக்காரர்கள் வருகிறார்கள். சுவர் அளவு கண்ணாடி. ஒரு முறை பதித்துவிட்டால் அதைக் கழற்றப் பளுதூக்கி கொண்டு வர வேண்டும். உள்ளே போவது உள்ளேயே இருக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் குருவி வாங்கி வைத்திருக்கிறேன், அதை வைத்துக்கொள்வோம் என்றார். மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்தும் காட்டினார். நல்ல பளபளப்பு. தோல்காரர் குருவியை ஈரத்துணியில் சுற்றித் தன் சாப்பாட்டு டப்பாவில் வைத்தார். டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டில் இறகம்மா சாப்பாட்டு மேஜையில் தலையணை போட்டு, அதில் நெற்றியைப் பதித்து உட்கார்ந்திருந்தாள். அருங்காட்சியகத்தில் தச்சராக இருக்கும் அவள் தம்பி துணைக்கு இருந்தான்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட அக்கா இவ்வளவு நேரம் தலை குனிஞ்சு நான் பாத்ததில்ல மச்சான்" என்றான் அவன்.

தோல்காரர் நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். மின்சாரம், உறைபெட்டி, பிளாஸ்டிக் குருவி. தலையணையிலிருந்து குரல் வந்தது.

"அப்புறம் அதை எதுக்கு வீட்டுக்குக் கொண்டு வந்தீங்க?"

"உரிக்கத்தான்."

"யாரு?"

"நான்தான்."

தலையணை குலுங்கியது. சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று தம்பி அதட்டினான்.

"குருவி தலையில பனங்காய வைக்கிறதக் கேட்டிருக்கேன்" என்றாள் அவள். "பனங்காய் தலையில குருவிய வைக்கிறத இப்பத்தான் கேக்குறேன்."

எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்று அவரைப் பற்றிக் கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. சட்டைக் கையை மடித்துவிட்டு, மேஜையின் மறுபக்கத்தில் வெள்ளைத் துணியை விரித்தார். சிரிப்பு அடங்கியதும் இறகம்மா, இறகு பறந்துவிடும், மின்விசிறியை நிறுத்துங்கள் என்றாள்.

இத்தனை வருடமும் அவர் அவள் வேலையைக் கிண்டல் செய்தவர்தான். உன் வேலை ஒரு தும்மலில் பறந்துவிடும் என்பார். எருமைத் தோலை உரிக்க நாலு ஆள் வேண்டும். முழங்காலை ஊன்றி, முதுகு வலிக்க இழுக்க வேண்டும். பதனிடும் தொட்டியிலிருந்து தூக்கச் சங்கிலி வேண்டும். கத்தி கொஞ்சம் வழுக்கினாலும் பாதகமில்லை. தைத்துவிட்டு மேலே மயிரைச் சீவிவிட்டால் அந்த எருமைக்கே தெரியாது. இங்கே சங்கிலியும் இல்லை, தொட்டியும் இல்லை. குருவியின் வயிற்று இறகை ஊதி விலக்கியபோது தெரிந்த தோல், வெங்காயத்தின் கடைசிச் சருகு போல இருந்தது. அதற்குக் கீழே இருந்த சதை அப்படியே தெரிந்தது. அவர் சின்னக் கத்தரியை எடுத்தார்.

இறகம்மா காதால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கத்தரி சத்தம் பெருசா கேக்குது. நுனியால வெட்டுங்க."

நுனியால் வெட்டினார்.

"இப்ப இழுக்குறீங்க. மூச்சப் புடிக்கிறீங்க பாருங்க, அதுல தெரியுது. எருமைத் தோலத்தான் இழுக்கணும். இத இழுக்கக் கூடாது, தள்ளணும். நகத்தால உடம்ப அந்தப் பக்கம் தள்ளுங்க. தோல் தானா நிக்கும்."

தள்ளினார். தோல் நின்றது. உடம்பு மெல்ல விலகி வந்தது. கால் மூட்டில் ஒரு வெட்டு, வாலின் அடியில் ஒரு வெட்டு, சிறகின் வேரில் ஒன்று. கையுறையைக் கழற்றுவது போலத் தோலை உள்வெளியாகப் புரட்டித் தலைவரை கொண்டு போகச் சொன்னாள். ஈரம் கசியும் இடமெல்லாம் மரத்தூளைத் தூவச் சொன்னாள். கடைசியில், தோல் கெடாமலிருக்க, உள்பக்கம் முழுக்க வெங்காரப் பொடி. முடிந்தபோது வெளியே வெயில் சாய்ந்திருந்தது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எருமையின் தொடையை உரித்த அன்றுகூட இப்படி நனைந்ததில்லை. துணியின் ஒரு பக்கத்தில் இறகோடு தோல். மறுபக்கத்தில் ஒரு பாதாம் கொட்டை அளவுக்கு, தோலில்லாத உடம்பு. உடம்பைச் சாராயம் ஊற்றிய குப்பியில் போட்டு வைக்கச் சொன்னாள். பிறகு அளவு பார்க்க அது வேண்டும்.

மறுநாள் அவர் பஞ்சை நூலால் சுற்றிச் சுற்றி அந்த உடம்பைப் போலவே ஒன்று செய்தார். கால்களுக்கும் சிறகுகளுக்கும் கழுத்துக்கும் மெல்லிய கம்பி, கண்ணுக்கு மிளகு போன்ற கண்ணாடி மணி, வயிற்றில் தையல். இறகுகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் அமர்த்தி, காயும்வரை கலையாமலிருக்க மேலே நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினார். தம்பி அன்று காலையே ஒரு காய்ந்த கிளையை அளவாக அறுத்துக் கொண்டு வந்திருந்தான். குருவி அதன் மேல் நின்றது. அலகு திறந்திருந்தது. விழவில்லை. தோல்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஊரையே தூக்கி வைத்தவர் போல இருந்தது அவர் முகம் என்று பிற்பாடு தம்பி சொன்னான்.

மாலையில் காப்பாளர் அம்மா நோயாளியைப் பார்க்கப் பழங்களோடு வந்தார். குருவியைப் பார்த்ததும் பழப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்தார்.

"இத நீங்களா செஞ்சீங்க?" என்றார். "பக்கத்துல எருமை அசைஞ்ச சத்தம் கேட்ட மாதிரி, உடம்ப ஒடுக்கிக்கிட்டு நிக்குது. ரொம்ப நல்லா வந்திருக்கு."

பிளாஸ்டிக் குருவியைத் தன் மேஜை மேலேயே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் போனார். தம்பி மச்சானின் முதுகில் தட்டினான். கதவு சாத்தும் சத்தம் கேட்டபிறகு இறகம்மா கையை நீட்டினாள்.

"ஒடுங்கி நிக்குதுன்னு சொல்லிட்டுப் போறாங்களே. ஏன் ஒடுங்கி நிக்குது?"

அவர் கிளையோடு குருவியை அவள் கைக்குக் கீழே வைத்தார். சுண்டுவிரலின் வெளிப்பக்கத்தால், நூலுக்கு நடுவே, அவள் அதன் மார்பைத் தொட்டாள். பிறகு விலா. பிறகு தொண்டை. கையை எடுத்துக்கொண்டாள்.

"களிமண்ணுக்கு இடம் விட்டிருக்கீங்க" என்றாள்.

அவருக்குச் சட்டென்று புரிந்தது. புரிந்ததும் காது சூடேறியது. எருமைக்கு அச்சு செதுக்கும்போது உடம்பின் அளவைவிட எப்போதும் ஒரு விரல்கடை குறைத்தே செதுக்குவார். தோலுக்கும் அச்சுக்கும் நடுவே களிமண் பூச வேண்டும். நரம்பும் மடிப்பும் அந்தக் களிமண்ணில்தான் வரும். இடம் விடுவது என்று யோசித்து விடுவதில்லை, கைக்குப் பழக்கம். குருவிக்குக் களிமண் கிடையாது. தோலுக்கு அடுத்தது உடம்புதான். ஆனால் பஞ்சைச் சுற்றும்போது கை தன் பாட்டுக்கு ஓர் அரிசி மணி அளவு குறைத்துவிட்டது. எருமையில் அது ஒரு மயிருக்குச் சமம். குருவிக்கு அது பாதி மார்பு. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானைக்குச் சறுக்கியது ஓர் அரிசி மணியில்.

"விடுங்க" என்றாள் அவள். குரலில் கிண்டல் இல்லை. "பிளாஸ்டிக்க விட இது எவ்வளவோ மேல். ஒடுங்கி நிக்கிற குருவியும் குருவிதான். காட்டுல பாதி நேரம் அது அப்படித்தான் நிக்கும்."

"பயந்த குருவி பாடாது" என்றார் அவர்.

"வாயத் தொறந்திருக்கில்ல. பாக்கிறவங்களுக்குத் தெரியாது."

"நீ கேட்டது பாடுற குருவி."

"நான் கேட்டதெல்லாம் கெடச்சுதா என்ன. உங்களத்தானே கட்டிக்கிட்டேன்."

தம்பி சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எருமைக்குத் தோள்ல, தோலுக்கடியில காத்து அடைச்சிருக்குன்னு நீதான் தட்டிப் பாத்துச் சொன்ன. மயிருக்கு அடியில இருந்துச்சு, எவன் கண்ணுக்கும் தெரியாது. அன்னிக்கு நீ 'விடுங்க'ன்னு சொல்லல. நானும் விடல. தையலப் பிரிச்சு, பாதித் தோல எறக்கி, திரும்பப் பூசினோம். அதுக்கு ஒரு ஞாயம், இதுக்கு ஒரு ஞாயமா? இது சின்னதுங்கிறதால விட்டுடலாமா?"

அவள் கேட்டாள்: "தோல் காய ஆரம்பிச்சிருச்சு. நனைச்சுத்தான் பிரிக்கணும். நனைச்சா கிழியும், இல்ல இறகு கொட்டும். கொட்டிச்சுன்னா கையில ஒண்ணும் இருக்காது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"அப்புறம் அந்த அம்மாகிட்ட போயி பிளாஸ்டிக்கக் குடுங்கன்னு நானே கேப்பேன். ஆனா பிரிக்காம கேக்க மாட்டேன். பிரிக்காம வைக்கவும் மாட்டேன்."

அவள் நெற்றியைத் தலையணையில் நன்றாகப் பதித்துக்கொண்டாள்.

"அப்ப வெந்நீர் வைங்க" என்றாள்.

நூலை அவிழ்த்தார். தையலைப் பிரித்தார். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சை வயிற்றுக்குள் வைத்து, மேலே ஈரத்துணி போர்த்தி, தோல் இளகட்டும் என்று காத்திருந்தார்கள். காத்திருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. அதிகம் இளகினாலும் ஆபத்து, குறைய இளகினாலும் ஆபத்து. பதமாகிவிட்டதா என்று அவர் கேட்கும்போதெல்லாம் அவள் விரலை நீட்டித் தொட்டுப் பார்த்து, இன்னும் இல்லை என்றாள். ஒரு முறை அவர் கேட்கவில்லை; அவளே இப்போது என்றாள்.

பழைய பஞ்சு உடம்பு வெளியே வரும்போது சிறகுக்கு அடியில் தோல் கிழிந்தது. சத்தம்கூட வரவில்லை. அவர் கை நின்றதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே என்று மட்டும் கேட்டாள். சொன்னார். எருமையாக இருந்தால் இந்நேரம் ஊசியை எடுத்திருப்பார். இப்போதும் கை ஊசிப் பெட்டிப் பக்கம் போனது.

"தைக்காதீங்க" என்றாள். "தைச்சா அந்தப் பக்கம் இழுத்துக்கும். மெல்லிசு தாள் ஒரு துண்டு, உள்பக்கமா, கொஞ்சமா பசை. அவ்வளவுதான். சிறகு மூடிக்கும்."

தாளை ஒட்டினார். மூன்று இறகுகள் துணியில் உதிர்ந்து கிடந்தன. அவற்றை எடுத்து ஒரு தட்டில் தனியே வைத்தார். உதிர்ந்ததைப் பற்றி அவளிடம் சொல்லவும் செய்தார்.

"மூணுன்னா பரவால்ல. நான் செஞ்சாலும் ரெண்டு கொட்டும்" என்றாள்.

பிறகு புதிய உடம்பு. இந்தமுறை சுற்றச் சுற்ற அவள் கையில் கொடுத்தார். ஒரு கையில் குப்பியிலிருந்து எடுத்துத் துடைத்த நிஜ உடம்பு, மறுகையில் பஞ்சு உடம்பு. இரண்டையும் விரலால் உருட்டி உருட்டிப் பார்த்து, இங்கே இன்னும் இரண்டு சுற்று, முதுகில் கொஞ்சம் அதிகம் என்று திருப்பிக் கொடுத்தாள். அவர் சுற்றினார், கொடுத்தார், வாங்கினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். எதிரில் உட்கார்ந்திருந்த தம்பி பார்த்துப் பார்த்துக் களைத்துத் தூங்கியே போனான். ஒரு கட்டத்தில் அவள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, எது எந்தக் கையில் இருக்கிறது என்று யோசித்துத் தடுமாறினாள். போதும் என்றாள். கடைசியாக ஒன்று: தொண்டைக்குள் ஒரு பொட்டுப் பஞ்சு. பாடும்போது புடைக்கும் இடம் அதுதான்.

கண்ணாடிக்காரர்கள் வந்த காலையில் இறகம்மாவின் இடது கண் கட்டை எடுத்திருந்தார்கள். ஆனால் தலை இன்னும் குனிந்தேதான் இருக்க வேண்டும். வீட்டில் இரு, கூடம் திறந்தபிறகு வந்து பார்க்கலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். திறந்தபிறகு ஊரே பார்க்கும், கண்ணாடி போட்டு மூடுவதற்கு முன்னால் நான் பார்க்க வேண்டும் என்றாள். தம்பி தோளைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே அவள் கூடத்துக்குள் வந்தபோது, முதலில் அவள் கண்ணில் பட்டது காட்டெருமையின் குளம்புதான்.

"குளம்புக்கு எண்ணெய் போட்டிருக்கீங்க" என்றாள். "நல்லாயிருக்கு."

கைப்பையிலிருந்து ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்தாள். குனிந்த தலையோடு மனிதர்களின் முகத்தைப் பார்க்கத் தம்பி வாங்கிக் கொடுத்தது. அதை வயிற்றோரம் பிடித்துச் சாய்த்தாள். எருமை அதில் அடங்கவில்லை. கொம்பு வந்தால் கண் போனது; திமில் வந்தால் கொம்பு போனது. ஒரு மலையைத் துண்டு துண்டாகப் பார்க்கிற மாதிரி கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனாள். தோள் வந்ததும் கொஞ்சம் நிறுத்தினாள். அவருக்கு அது தெரிந்தது. பிறகு கிளை வந்தது. கிளையின் நுனியில் குருவி. அலகிலிருந்து வால் வரை ஒரே பார்வையில், சுற்றிலும் இடம் மிச்சம் வைத்து, கண்ணாடிக்குள் முழுதாக அடங்கி நின்றது. மார்பு நிமிர்ந்திருந்தது. தொண்டை புடைத்திருந்தது.

அவள் கை அசையவே இல்லை. கண்ணாடிக்காரர்கள் கடைசிப் பலகையை உறிஞ்சுபிடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காப்பாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பார்க்காததுமாக இருந்தார். தோல்காரர் அவள் கையிலிருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எருமையின் முன் நிற்கும்போது அவருக்கு யாருடைய தீர்ப்பும் தேவைப்பட்டதில்லை.

"பாடுது" என்றாள் இறகம்மா.

அவர் மூச்சை விட்டார்.

"இடது கால் மட்டும் கொஞ்சம் உள்வாங்கி நிக்குது."

"கண்ணாடியில பாத்துட்டு இடதுங்கிற" என்றான் தம்பி. "அது வலது காலு, அக்கா."

"வலது கால்தான்" என்றார் தோல்காரர். "காலையிலேயே எனக்குத் தோணிச்சு."

கம்பியின் முனை கிளைக்கு அடியில்தான் முறுக்கியிருந்தது. ஒரு திருகு போதும். மூடலாமா என்று கண்ணாடிக்காரர் கேட்டார். இருங்கள் என்றார் தோல்காரர். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். இடுக்கியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வயிற்றை எக்கி, தன் எருமைக்கும் கண்ணாடிச் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் பக்கவாட்டாக நுழைந்தார். பாதி வழியில் நின்று, வெளியே நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"அந்த மின்விசிறிய யாராச்சும் நிறுத்துங்க."